சுருட்டை முடிக்கு ஏற்ற வெட்டும் பராமரிப்பும்: புதிதாகத் தொடங்குவோருக்கு

தலைமுடி சுருண்டிருக்கும் பெண்ணுக்கு நம் வீடுகளில் சிறுவயதிலேயே ஒரு பெயர் விழுந்துவிடுகிறது. பரட்டைத் தலை என்பார்கள். எண்ணெய் வைத்துப் படிய வாரினால்தான் முகம் தெரியும் என்பார்கள். நானும் பன்னிரண்டாம் வகுப்பு வரை தேங்காய் எண்ணெய் சொட்டச் சொட்ட இரட்டைப் பின்னல் போட்டு, ரிப்பன் வைத்து மடித்துக் கட்டித்தான் பள்ளிக்குப் போனேன். பின்னலை அவிழ்க்கும்போது தெரிந்த நெளிவுகளைப் பின்னலின் தடம் என்றே நம்பியிருந்தேன். அவை என் முடியின் சொந்த வடிவம் என்பது தெரியவந்தபோது எனக்கு வயது 26.

சுருட்டை முடி என்பது கெட்டுப்போன நேர்முடி அல்ல. அது தானாகக் காயும்போது எந்த வடிவத்தை எடுக்கிறதோ அதுதான் அதன் இயல்பு. வெட்டுவதையும் அலசுவதையும் உலர்த்துவதையும் அந்தக் காய்ந்த வடிவத்தைக் கண்முன் வைத்துக்கொண்டே தீர்மானிக்க வேண்டும். ஆற்றுநீர் வடிந்தபின் கருமணலில் படிந்திருக்கும் நெளிகளுக்கு அறல் என்று பெயர். சங்கப் புலவர்கள் பெண்களின் கூந்தலுக்கு உவமையாக எடுத்தது அந்த அறலைத்தான். கூந்தலை முடிக்கும் ஐந்து வகைகளை ஐம்பால் என்று எண்ணிய உரையாசிரியர்கள் அவற்றுள் ஒன்றுக்குச் சுருள் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நெளிவை அழகென்று பார்த்த கண் நம்மிடம் இருந்திருக்கிறது என்பதை, வெட்டப் போகும் முன் ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது.

முதலில் உங்கள் முடியை அறிந்துகொள்ளுங்கள்

முடி சுருள்வது தோலுக்கு அடியில் முடிவாகிவிடுகிறது. மயிர்க்கால் நேராகவும் வட்டமாகவும் இருந்தால் முடி நேராக வளர்கிறது. அது வளைந்தும், ஒரு பக்கம் சாய்ந்தும் இருந்தால் முடி சுருண்டு வெளிவருகிறது. உச்சந்தலையில் ஊறும் இயற்கை எண்ணெய் நேரான முடியில் வழுக்கிக்கொண்டு நுனிவரை இறங்கிவிடும், ஆனால் சுருளில் ஒவ்வொரு வளைவிலும் அது தடைபட்டு நின்றுவிடும். வேர்ப்பகுதி பிசுபிசுப்பாகவும் நுனி வைக்கோல் போலவும் இருப்பதற்கு இதுவே காரணம். இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பாதி விதிகளை நீங்களே ஊகித்துவிடலாம்.

அடுத்ததாக, விடுமுறை நாள் ஒன்றில் தலைக்குக் குளித்து, கண்டிஷனர் போட்டு அலசி, துண்டால் தேய்க்காமலும் சீப்பு வைக்காமலும் கையால் தொடாமலும் முடியை அப்படியே காயவிடுங்கள். முழுதும் காய்ந்தபின் கண்ணாடியின் முன் நில்லுங்கள். படுத்த அலை போல நெளிகிறதா, விரலில் சுற்றி எடுத்ததுபோல வளையங்களாக விழுகிறதா, பேனா ரீஃபிலில் சுற்றியதுபோல இறுக்கமான சுருளாக இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்க முடி ஒப்பனையாளர் ஆண்ட்ரே வாக்கர் 1990களில் வகுத்த முறையில் நேர்முடிக்கு 1, அலைக்கு 2, சுருளுக்கு 3, மிக இறுக்கமான சுருளுக்கு 4 என்று எண் கொடுப்பார்கள். கடைகளில் விற்கும் பொருட்களின் மேல் இந்த எண்களைப் பார்க்கலாம். ஆனால் ஒரே தலையில் பிடரியில் அலையும் காதோரம் சுருளும் உச்சியில் ஏறக்குறைய நேர்முடியும் இருப்பது மிகச் சாதாரணம் என்பதால், அந்த எண்ணைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம்.

எண்ணைவிட முக்கியமான அளவு ஒன்று உண்டு. பிடரியிலும் உச்சியிலும் நெற்றியோரத்திலும் ஒவ்வொரு சுருளைத் தேர்ந்தெடுத்து, தொங்கும் நிலையில் ஒருமுறையும் நேராக இழுத்துப் பிடித்து ஒருமுறையும் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். என் பிடரிச் சுருள் தொங்கும்போது 22 சென்டிமீட்டர், இழுத்தால் 30. நெற்றியோரத்துச் சுருளோ 20 இருந்தால் 11ஆகச் சுருங்கிவிடும். முடி வெட்டுபவரிடம் நீங்கள் முதலில் சொல்ல வேண்டியது இந்தச் சுருக்க அளவைத்தான்.

பல ஆண்டுகள் எண்ணெயும் இறுக்கமான பின்னலுமாக இருந்தவர்களின் முடி, தன் வடிவத்தை உடனே காட்டாது. கீழே சொல்லியிருக்கும் முறையில் இரண்டு மூன்று மாதம் அலசி உலர்த்திய பிறகு வெட்டுக்குப் போவதே நல்லது. வேதிப்பொருள் வைத்து நிரந்தரமாக நேராக்கிய முடி இதில் சேராது. அங்கே முடியின் உள்ளிருக்கும் பிணைப்புகளே மாற்றப்பட்டுவிட்டதால் எந்த எண்ணெயும் கிரீமும் சுருளை மீட்டுத் தராது. முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும் என்ற கணக்கில், புதிய சுருள் 15 சென்டிமீட்டர் எட்ட ஒரு வருடத்துக்கும் மேலாகும், அதுவரை நேரான நுனிகளைச் சிறிது சிறிதாக வெட்டிக்கொண்டே வர வேண்டியதுதான். கெரட்டின் சிகிச்சை என்ற பெயரில் செய்யப்படும் நேராக்கலில் சில பொருட்கள் சூடுபட்டதும் ஃபார்மால்டிஹைடு வாயுவை வெளியிடுகின்றன. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை வகைப்படுத்தியிருக்கிறது. யாராவது இலவசமாகச் செய்துவிடுகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வெட்டப் போகும் நாள்

என் முதல் பெரிய வெட்டு எனக்கு இன்றும் வலிக்கிறது. பெயர் பெற்ற ஓர் அழகு நிலையத்தில் தலையை அலசி, ஈர முடியைச் சீப்பால் இழுத்து நேராக்கி, தோளுக்குக் கீழே நான்கு விரல்கடை விட்டு ஒரே கோட்டில் வெட்டினார்கள். ஹேர் டிரையரால் நேராக்கியே அனுப்பியதால் அங்கே எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. மறுநாள் குளித்துக் காயவைத்ததும் முடி தாடை வரை ஏறிவிட்டது. உச்சியில் ஒட்டிக்கொண்டும் காதுக்குக் கீழே விரிந்தும் முக்கோணமாக நின்றது. ஈரத்தில் எல்லா முடியும் நீண்டு ஒரே மாதிரி தெரியும், காய்ந்ததும் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவுக்குச் சுருங்கும் என்பதை வெட்டியவரும் யோசிக்கவில்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

அதனால் போகும் முன் தொலைபேசியில் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். சுருட்டை முடியைக் காய்ந்த நிலையில் வெட்டும் பழக்கம் அங்கே யாருக்காவது உண்டா என்பது ஒன்று. வெட்டி முடித்தபின் நேராக்காமல் சுருளோடே உலர்த்திக் காட்டுவார்களா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் தெளிவான பதில் வராவிட்டால் வேறு இடம் பாருங்கள். முன்தினமோ அன்று காலையோ தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல், பின்னாமல், ரப்பர் பேண்டு போடாமல், முழுதும் காய்ந்த விரித்த முடியோடு போக வேண்டும். கொண்டை போட்ட தடம் இரண்டு மணி நேரம் இருந்தால்கூட வெட்டுபவரின் கணிப்புத் தவறிவிடும். படம் காட்டுவதானால் உங்களுடையதைப் போன்ற சுருளும் அடர்த்தியும் உள்ளவரின் படமாக இருக்கட்டும்.

இப்போது எனக்கு வெட்டிவிடும் பெண் நான் நாற்காலியில் உட்கார்ந்ததும் சீப்பை எடுப்பதில்லை. தலையை முன்னால் குனியச் சொல்லி, நிமிரச் சொல்லி, இரண்டு பக்கமும் அசைக்கச் சொல்லி, முடி எங்கே போய் நிற்கிறது என்று சற்று நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு ஒரு சுருளை இழுக்காமல் இரண்டு விரல்களுக்கு நடுவே தாங்கிப் பிடித்து, அது கடைசியாக எங்கே வளைகிறது என்று பார்த்து, அந்த வளைவு முடியும் இடத்தில் கத்தரியை வைப்பார். வெட்டுண்ட துண்டு மடியில் விழுந்து காற்புள்ளி போலக் கிடக்கும். வளைவின் நடுவில் வெட்டினால் நுனி சிலிர்த்துக்கொண்டு வெளியே நீட்டும், வளைவு முடியும் இடத்தில் வெட்டினால் பக்கத்துச் சுருளோடு சேர்ந்து படுத்துவிடும் என்று அவர் ஒருமுறை சொன்னார். இப்படிச் சுருள் சுருளாக வெட்ட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, கட்டணமும் கூடத்தான். ஆனால் அதற்குப் பிறகு நான்கு மாதம் கத்தரியே தேவைப்படுவதில்லை.

ரேசரையும், ஒரு பக்கம் சீப்புப் பல் போல இருக்கும் கத்தரியையும் எடுத்தால் தயங்காமல் தடுத்துவிடுங்கள். முடியின் பருமனைக் குறைக்கிறேன் என்று உள்ளே உள்ளே குட்டையாக வெட்டிய முடிகள், வளர வளர மற்ற சுருள்களைத் தள்ளிக்கொண்டு மேலே கிளம்பும். முதல் தடவை எவ்வளவு ஆசையாக இருந்தாலும், நினைத்த நீளத்தைவிட மூன்று சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு வெட்டச் சொல்லி, இரண்டு வாரம் பழகிப் பார்த்துவிட்டு மறுபடி போங்கள்.

முகத்துக்கு ஏற்ற வடிவம்

வட்ட முகம், நீள முகம், சதுர முகம் என்று பிரித்துக் காட்டும் படங்கள் பெரும்பாலும் நேர்முடியை வைத்து வரையப்பட்டவை. சுருட்டை முடிக்கு நீளத்தைவிட அகலம் முக்கியம். சுருள்கள் சேர்ந்து விரிகிற அந்த அகலமான இடம் முகத்தின் எந்தப் பகுதிக்கு நேராக விழுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அந்த அகலம் எங்கே விழுகிறதோ அங்கே பார்ப்பவரின் கண் போகும். வட்ட முகமென்றால் கன்னத்துக்கு நேராக அது விழக் கூடாது. உச்சியில் சற்று உயரமும், தாடைக்குக் கீழே போகும் நீளமும் இருந்தால் முகம் நீண்டு தெரியும். நீள முகத்துக்கு இதற்கு நேர்மாறாக, உச்சியை அடக்கிக் கன்ன எலும்பின் பக்கத்தில் சுருள்கள் திரளும்படி தோளளவுக்கு மேல் வைக்கலாம். தாடை எலும்பு எடுப்பாக இருப்பவர்கள் தாடைக் கோட்டிலேயே முடியை நிறுத்தாமல் அதற்கு இரண்டு விரல்கடை மேலோ கீழோ நிறுத்தினால் போதும்.

முக்கோணமாக நிற்பதற்கு மருந்து லேயர்தான். மேல் அடுக்கு குட்டையாக இருந்தால் அதன் பாரம் குறைந்து உச்சிச் சுருள் எழும், கீழ் அடுக்கின் விரிவு குறையும். அடர்த்தி குறைந்த முடிக்கு நிறைய அடுக்குகள் வேண்டாம், நுனி மெலிந்துவிடும். அடர்த்தி மிகுந்த முடிக்கு அடுக்கு இல்லாமல் ஒரே கோட்டில் வெட்டவே கூடாது. நெற்றி அகலமாகத் தெரிகிறது என்று வருந்துபவர்கள் முன்நெற்றியில் சில சுருள்களை விழவிடலாம், அழகாகவே இருக்கும். ஆனால் நெற்றியோர முடிதான் அதிகம் சுருங்கும். அதனால் இழுத்துப் பிடித்தால் மூக்கு நுனியைத் தொடும் அளவில் முதலில் வெட்டிப் பார்ப்பது பாதுகாப்பு.

அன்றாட வாழ்க்கையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் இருசக்கர வண்டியில் போகிறவர் ஹெல்மெட்டுக்குள் அடங்கும்படி பிடரியில் ஒரு தாழ்ந்த கொண்டை போடும் நீளமாவது வைத்திருக்க வேண்டும்; உச்சியில் மிகக் குட்டையான அடுக்கு ஹெல்மெட்டைக் கழற்றியதும் நசுங்கிக் கிடக்கும். சேலை கட்டிப் பூ வைக்கும் வழக்கம் உள்ளவர், பக்கத்து முடி ஹேர்பின்னுக்குள் எட்டுகிறதா என்று நாற்காலியில் இருக்கும்போதே பின்னுக்கு இழுத்துப் பார்த்துவிட வேண்டும்.

அலசும் முறை

வாரத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ தலைக்குக் குளித்தால் பெரும்பாலோருக்குப் போதும். ஷாம்பு உச்சந்தலைக்கு மட்டுமே. விரல் நுனியால் தேய்த்துவிட்டு அலசும்போது வழியும் நுரையே நுனிக்குப் போதுமானது. சல்பேட் கடுமையாக உள்ள ஷாம்பு நுனியில் எஞ்சியிருக்கும் எண்ணெயையும் உரித்துவிடும் என்பதால் மென்மையானதைத் தேர்ந்தெடுங்கள். சீயக்காய் போடுவதானால் தூளைக் குழைத்து அப்படியே பூசாமல், கொதிக்கவைத்து ஆறிய நீரை வடிகட்டி ஊற்றுங்கள்; தூளின் துகள் சுருள்களுக்குள் சிக்கிக்கொண்டால் எத்தனை குடம் தண்ணீர் விட்டாலும் போகாது.

சிக்கு எடுப்பது கண்டிஷனர் தலையில் இருக்கும்போதுதான். காய்ந்த முடியில் சீப்பு வைக்கவே கூடாது. கண்டிஷனரைத் தாராளமாக எடுத்துக் காதுக்குக் கீழே தடவி, முதலில் விரல்களாலும் பிறகு அகலப் பல் சீப்பாலும் நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிப் போங்கள். அப்போது கையில் கொத்தாக முடி வரும். புதிதாகத் தொடங்குபவர்கள் இதைக் கண்டு பயந்துவிடுகிறார்கள். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. நேர்முடியில் அது தரையிலும் தலையணையிலும் விழுந்துவிடும், சுருட்டையிலோ மற்ற சுருள்களுக்குள் மாட்டிக்கொண்டு குளிக்கும் நாள்வரை காத்திருக்கும். நான்கு நாள் உதிர்ந்தது ஒரே நாளில் கைக்கு வருகிறது, அவ்வளவுதான். ஆனால் வகிடு அகன்றுகொண்டே போனாலோ, காசளவு வழுக்கை தெரிந்தாலோ தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சிக்கு எடுத்தபின் இரண்டு கைகளிலும் நீரள்ளி முடியோடு சேர்த்து நுனியிலிருந்து மேல்நோக்கிப் பிசையுங்கள். சேற்றில் கால் வைத்ததுபோல ஒரு சளக் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் வந்தால் முடி வேண்டிய அளவு நீர் குடித்துவிட்டது என்று பொருள். அதன்பின் லேசாக அலசிவிடலாம்.

சென்னையிலும் புறநகரிலும் ஆழ்துளைக் கிணற்று நீரில் குளிப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. உப்புத் தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் முடியில் படிந்து அதைச் சொரசொரப்பாக்கிவிடும். குளியல் சோப்பைத் தலைக்குப் போட்டால் அந்த உப்போடு சேர்ந்து வெண்மையான படிவாகவே ஒட்டிக்கொள்ளும். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி மழைநீரோ, இரண்டு சொம்பு குடிநீரோ ஒதுக்கி வையுங்கள். அதோடு மாதம் ஒருமுறை, உப்புப் படிவை நீக்குவதற்கென்றே விற்கும் ஷாம்புவைப் பயன்படுத்துங்கள்.

உலர்த்துவது

சுருளின் வடிவம் நிலைபெறுவது காயும் நேரத்தில்தான். நீர் பட்டால் முடிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் அவிழ்ந்து, காயும்போது அப்போதிருக்கும் வடிவத்திலேயே மறுபடி கட்டுண்டுவிடுகின்றன. ஆகவே சொட்டும் ஈரத்திலேயே ஜெல்லைத் தடவி, உள்ளங்கையில் சுருள்களை ஏந்தி மேல்நோக்கிக் கசக்கிவிட வேண்டும். பூந்துண்டின் நூல் வளையங்கள் சுருளைப் பிரித்துச் சிலிர்க்க வைக்கும். பழைய பருத்தி டீ சர்ட்டாலோ நைந்த வேட்டித் துணியாலோ நீரை ஒற்றி எடுங்கள். பிறகு கையை எடுத்துவிடுங்கள். பாதி காய்ந்த முடியைக் கோதுவதுதான் சுருள் கலைவதற்கு முதல் காரணம். காய்ந்தபின் மொறமொறவென்று இருக்கும் ஜெல் பூச்சை உள்ளங்கையில் இரண்டு சொட்டு எண்ணெய் தடவிக்கொண்டு கசக்கினால், பூச்சு உடைந்து சுருள் மட்டும் மென்மையாக நிற்கும்.

ஜெல்லை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். கால் கப் ஆளி விதையை இரண்டு கப் தண்ணீரில் போட்டு, அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே கொதிக்கவிடுங்கள். ஏழெட்டு நிமிடத்தில் நுரை வெண்மையாகி, கரண்டியைத் தூக்கினால் முட்டையின் வெள்ளைக்கரு போல நூல்விட்டு இறங்கும். அந்தக் கணமே அடுப்பை அணைத்து, சூடாக இருக்கும்போதே மெல்லிய துணியில் வடிகட்டிவிட வேண்டும். ஆறவிட்டால் விதையும் கூழும் பிரியவே பிரியாது. குளிர்பதனப் பெட்டியில் ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாம், வாடை மாறினால் கொட்டிவிடுங்கள். கடையில் வாங்குவதானால், கடலோர ஊர்களின் புழுக்கத்தில் கிளிசரின் மிகுந்த ஜெல் காற்றின் ஈரத்தை இழுத்து முடியை உப்ப வைக்கும் என்பதைப் பொருட்பட்டியலைப் படிக்கும்போது நினைவில் கொள்ளுங்கள்.

எண்ணெயும் இரவும்

எண்ணெயை அடியோடு விட்டுவிடச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2003இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு, முடியிலிருந்து புரதம் கழிவதைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே குறைத்தது என்று காட்டியிருக்கிறது. அது முடியின் தண்டுக்குள் ஊடுருவக்கூடியது. குளிப்பதற்கு ஓரிரு மணி நேரம் முன்பு நுனிப்பகுதியில் தடவிக்கொண்டு அலசிவிடுவதே சுருட்டை முடிக்கு அதன் சரியான பயன்பாடு. பொடுகு இருப்பவர்கள் உச்சந்தலையில் எண்ணெய் வைக்கக் கூடாது. பொடுகோடு தொடர்புடைய மலாசீசியா என்ற பூஞ்சை எண்ணெய்ப் பசையை உண்டே பெருகுகிறது.

இரவில் முடியை உச்சியில் தளர்வாகத் திரட்டி, துணி சுற்றிய ரப்பர் பேண்டால் ஒரே சுற்றுச் சுற்றி, சாட்டின் உறை போட்ட தலையணையில் படுங்கள். பட்டுச் சேலையின் பழைய முந்தானைத் துணியும் உறைக்கு ஏற்றதுதான், ஜரிகை இல்லாத பகுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் கலைந்த சுருள்களை மட்டும் நீர் தெளித்து நனைத்து, விரலில் சுற்றிவிட்டு விட்டுவிடலாம். முழுத்தலையையும் நனைக்க வேண்டியதில்லை.

மூன்று நான்கு மாதம் கழித்து அடுத்த வெட்டுக்குப் போகும் முன், பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் யாரையாவது படம் எடுக்கச் சொல்லி, முதல் வெட்டுக்கு மறுநாள் எடுத்த படத்தோடு சேர்த்துக் கொண்டுபோங்கள். எந்தச் சுருள் நீண்டு கீழே இழுக்கிறது, எங்கே மறுபடி முக்கோணம் கூடுகிறது என்பதை வெட்டுபவர் அந்த இரண்டு படங்களிலிருந்தே கண்டுகொள்வார்.